வாசலோரத்துக் கோல்கீப்பர்

எதிர்க் கோலில் ஆளே இல்லை. கொச்கோர் ஊர்க் கோல்கீப்பர் வழுக்கி விழுந்து சேற்றில் மல்லாந்து கிடந்தான். பந்து இல்கிஸ் காலடியில். கோலுக்கும் அவனுக்கும் நடுவே ஒரு சின்னக் குட்டை மட்டும்தான். லேசாகக் காற்றடித்தாலே பந்து உள்ளே போய்விடும், அப்படி ஒரு வாய்ப்பு.

இல்கிஸ் ஒரு கணம் யோசித்தான். பிறகு நிதானமாகத் திரும்பி, பந்தை ஓங்கி உதைத்து, மைதானத்தின் அந்தக் கோடியில் நின்ற தன் அணியின் கோல்கீப்பர் திலேக்குக்கு அனுப்பிவைத்தான்.

கோட்டுக்கு வெளியே நின்ற கோச் ஜோமார்த் தலையிலிருந்த, காதை மூடும் கம்பளித் தொப்பியைக் கழற்றி வாயில் வைத்துக் கடித்தார். கெட்ட வார்த்தை பேசினால் நடுவர் வெளியே அனுப்பிவிடுகிறார் என்பதால் அவராகக் கண்டுபிடித்த வழி அது. தொப்பியின் ஒரு காது ஏற்கெனவே போய்விட்டது.

"தொப்பியை விடுங்க சார், ஊரே பாக்குது," என்றார் வேன் டிரைவர் ஷார்ஷென்.

"அவன் பண்ணதைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். போன மேட்சுலயும் இதைத்தான் பாத்தேன்."

ஆட்டம் இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் முடிந்தது. ஜோமார்த் இல்கிஸை வேனுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். பன்னிரண்டு வயதுக்குப் பையன் நல்ல உயரம். அணியின் முன்வரிசை ஆட்டக்காரன் அவன்தான்.

"ஏன்டா பந்தைப் பின்னால அடிச்ச?"

"சந்தேகமா இருந்துச்சு சார்."

"ஆளில்லாத கோல்ல என்னடா சந்தேகம்?"

"வலது கால்ல அடிக்கறதா, இடது கால்ல அடிக்கறதான்னு. சந்தேகம் வந்தா என்ன செய்யணும்னு நீங்கதான சொல்லிக் குடுத்திருக்கீங்க."

"இப்படிச் செய்யவா சொன்னேன்?"

பையன் பாவமாக விழித்தான். "நீங்க சொன்னபடிதான் சார் செஞ்சேன்."

ஜோமார்த் மறுபடி தொப்பியைத் தேடினார்.

அவர் என்னதான் சொல்லியிருந்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். வசந்தத்தில் நாரின் விளையாட்டு விடுதியின் இந்த அணி அணியாகவே இல்லை. பந்து எங்கே போனாலும் அத்தனை பேரும் அதன் பின்னாலேயே ஓடுவார்கள். கோல்கீப்பரும் கூட ஓடுவான். ஜோமார்த் கரும்பலகையில் வட்டம் போட்டார், அம்பு போட்டார், தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார். பசங்க கோட்டை அழிய அழிய மிதித்துக்கொண்டு பந்துக்குப் பின்னால் ஓடினார்கள்.

ஒருநாள் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் அவருக்குப் பொறி தட்டியது. அதே பசங்கதான். ஆனால் தரையில் சாப்பாட்டு விரிப்பான தஸ்தர்கானை விரித்ததும் தள்ளுமுள்ளு இல்லாமல் அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். வாசலுக்கு எதிரே, தோர் என்கிற மரியாதை இடத்தில், வயதில் மூத்தவன். அவனுக்கு அடுத்து அடுத்தவன். வாசலோரம் கடைக்குட்டி, டீ ஊற்ற. மூத்தவன் ரொட்டியைப் பிய்க்கும்வரை ஒருத்தன் கை நீளவில்லை. யார் எங்கே உட்கார்ந்தான் என்று அவர் பார்க்கவில்லை, வரிசையைத்தான் பார்த்தார். ஒழுங்கு இவர்களுக்குத் தெரியாமல் இல்லை, அதை மைதானத்துக்குக் கொண்டுவரத்தான் யாரும் சொல்லித்தரவில்லை என்று அவர் நினைத்தார்.

மறுநாளே மைதானத்தைத் தஸ்தர்கான் ஆக்கிவிட்டார்.

"நம்ம கோல்தான் வாசல். எதிராளி கோல்தான் தோர். வயசுப்படி நில்லுங்க. மூத்தவன் முன்னால, சின்னவன் பின்னால. உன் இடத்தை விட்டு நீ எந்திரிக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

உடனே புரிந்தது. கரும்பலகை மூன்று மாதத்தில் செய்யாததைத் தஸ்தர்கான் ஒரே நாளில் செய்தது. பள்ளிக் கணக்குப்படி மூத்தவன் இல்கிஸ், முன்னால் போனான். கடைக்குட்டி திலேக், பதினோரு வயது, மலைமேல் ஆட்டுப் பட்டிகளிலிருந்து இந்த வருடம்தான் விடுதியில் சேர்ந்தவன். ஒல்லி, குட்டை, வாய் திறக்காதவன். அவனைக் கோலில் நிறுத்தினார். பசங்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொடியனைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள் என்று ஜோமார்த் நினைத்துக்கொண்டார்.

"பந்து வந்து, என்ன பண்றதுன்னு தெரியலைன்னா?" என்று கேட்டான் ஆதில். தொணதொணப்புக்குப் பேர்போனவன்.

"வீட்ல என்ன பண்ணுவியோ அதைப் பண்ணு. பெரியவங்களுக்கு முதல்ல. சந்தேகம் வந்தா பெரியவங்ககிட்ட குடுத்துரு."

"பெரியவங்கன்னா யாரு சார்?"

"இது ஒரு கேள்வியா? உங்களுக்குள்ள யாரு பெரியவங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்."

"அப்புறம் என்ன."

இவ்வளவுதான் அவர் சொன்னது. அன்றிலிருந்து எல்லாரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். சந்தேகம் வரும்போதெல்லாம் பந்து பின்னாலும் போனது. ஜோமார்த் இந்த இரண்டையும் சேர்த்து யோசித்ததே இல்லை.

கொச்கோரிலிருந்து திரும்பிய அன்றே விடுதித் தலைவி துர்சுனாய் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"தம்பி, சுத்தி வளைச்சுப் பேசல. இந்தக் கோப்பை வரலைன்னா கால்பந்துப் பிரிவை மூடிருவாங்க. மேல முடிவு பண்ணிட்டாங்க. கட்டில் எல்லாம் மல்யுத்தத்துக்கு."

"பசங்க?"

"அவங்கவங்க வீட்டுக்கு."

ஜோமார்த் அந்த வீடுகளைப் பார்த்திருக்கிறார். இல்கிஸ் வீட்டில் அப்பன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவன், வருடக்கணக்கில் பேச்சில்லை. ஆதிலுக்குச் சித்தி. திலேக் வீட்டுக்குப் பனி விழுந்தால் வழியே கிடையாது, சாணி வறட்டி தீர்ந்தால் அடுப்பும் கிடையாது. இங்கே மூன்று வேளை சூப்பும் ரொட்டியும் உண்டு, கொதிகலன் உண்டு. அவருடைய சம்பளம் போவது அப்புறம். பனிக்காலம் வாசலில் நிற்கும்போது இதுகளை வேனில் ஏற்றி வீடு வீடாக இறக்கிவிட வேண்டியவர் அவர்தான்.

வெளியே வந்தால், விடுதி அறையில் மல்யுத்தக் கோச் தோலோத் அளவுநாடாவோடு மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஜோமார்த். சும்மா பாத்து வச்சுக்கறேன். எங்க பசங்க கொஞ்சம் அகலம், கட்டில் பத்துமான்னு."

"அளந்துக்கங்க," என்றார் ஜோமார்த்.

அடுத்த ஆட்டம் தோக்மோக்கோடு. வேனை விட்டு இறங்குமுன் ஜோமார்த் ஒரே ஒரு உத்தரவு போட்டார்.

"இன்னிக்கு எவனும் பந்தைப் பின்னால அடிக்கக் கூடாது. அடிச்சவனுக்கு ராத்திரி சூப்பு கிடையாது. தெளிவா?"

தெளிவுதான். முதல் பாதி முழுக்க ஒரு பந்துகூடப் பின்னால் வரவில்லை. ஜோமார்த் தொப்பியைத் தலையில் நன்றாக அழுத்திக்கொண்டார். இரண்டாம் பாதியில் எதிராளிகள் மூன்று பேர் இல்கிஸைச் சூழ்ந்துகொண்டார்கள். அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு திரும்பினான். பெரிய வட்டமாக, சொந்த அணிக்காரர்கள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட, மைதானத்தைக் கடந்து தன் கோலை நோக்கி ஓடிவந்தான்.

திலேக் இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றான். தஸ்தர்கானில் பெரியவர்கள் வேண்டாம் என்பார்கள்தான். நாம் விடாமல் கொடுக்க வேண்டும். இல்கிஸ் விடாமல் கொடுத்தான். இவன் நீட்ட, அவன் மறுக்க, நடுவில் பந்து திலேக்கின் முழங்காலில் பட்டுக் கோலுக்குள் உருண்டது.

அந்த ஒரு கோலில் நாரின் தோற்றது.

"பின்னால அடிக்கக் கூடாதுன்னுதான் சொன்னீங்க," என்றான் இல்கிஸ், அழுகையை அடக்கிக்கொண்டு. "நான் அடிக்கல சார். கொண்டுபோய்க் குடுத்தேன்."

"உனக்கு அந்தக் கோல்கீப்பர் மேல அப்படி என்னடா பாசம்?"

"பாசமில்ல சார். மரியாதை."

நக்கல் பண்ணுகிறான் என்று நினைத்து ஜோமார்த் அவனுக்குச் சூப்பை நிறுத்தினார். மற்ற பசங்களும் அன்றைக்குச் சாப்பிடவில்லை. திலேக் தன் கிண்ணத்தை எடுத்துப்போய் இல்கிஸ் முன்னால் வைத்து ஒரு பார்வை பார்த்தான். உடனே எல்லாரும் சாப்பிட்டார்கள். கோச் சொல்லி நடக்காதது அந்தப் பொடியன் பார்வையில் நடந்தது. ஜோமார்த் அதைக் கவனிக்கத்தான் செய்தார். கவனித்து, எரிச்சல்தான் பட்டார்.

இந்தப் பையன் இருக்கிற தைரியத்தில்தான் மற்றவர்கள் ஆடாமல் சோம்பேறிகளாகிறார்கள் என்று முடிவுகட்டினார். தலாஸ் ஆட்டத்தில் திலேக்கை வெளியே பெஞ்சில் உட்காரவைத்து, ஆதிலைக் கோலில் நிறுத்தினார்.

முதல் சந்தேகம் ஐந்தாவது நிமிடத்தில் வந்தது. பந்து கோட்டைத் தாண்டிப் பறந்து பெஞ்சில் திலேக்கின் மடியில் வந்து விழுந்தது.

"வழுக்கிருச்சு போல," என்றார் ஜோமார்த்.

இரண்டாவது பந்தும் மடியில்தான் விழுந்தது. மூன்றாவது, ஷார்ஷென் கொண்டுவந்திருந்த ஃபிளாஸ்க்கைச் சாய்த்துவிட்டுத் திலேக்கின் காலடியில் நின்றது. திலேக் தலையைக் குனிந்துகொண்டு பந்தை எடுத்து எடுத்து தலாஸ் பசங்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தான். அப்படிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியக் கிடைத்த பந்துகளை வைத்தே அவர்கள் ஐந்து கோல் போட்டார்கள். கோலில் நின்ற ஆதில் அதில் இரண்டை, யாரோடோ பேசிக்கொண்டிருந்ததால் பார்க்கவே இல்லை.

இனி ஒன்று தோற்றாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

திரும்பும் வழியில் கணவாயில் வேனை நிறுத்தினார்கள். காற்று காதை அறுத்தது. ரொட்டியை விரித்தார்கள், டீ வந்தது. ஆதில் துள்ளி எழுந்து கிண்ணங்களில் ஊற்ற ஆரம்பித்தான். முதல் கிண்ணம் கோச்சுக்கு. இரண்டாவது டிரைவருக்கு. மூன்றாவதைத் திலேக்கிடம் நீட்டினான்.

"இந்தாங்க அண்ணே."

இந்த 'அண்ணே'யை ஜோமார்த் பல நாளாகக் கேட்டு வருகிறார். குட்டையாக இருப்பவனை ஊரில் நெட்டை என்று கூப்பிடுவதில்லையா, அந்த மாதிரி கேலி என்று விட்டிருந்தார். இன்றைக்கு ஐந்து கோல் வாங்கிய மனுஷன், பொறுக்க முடியவில்லை.

"ஆதில், உக்காரு. திலேக், நீதான கடைக்குட்டி? உனக்குக் கை இல்லையா? பெரியவங்களை ஊத்தவிட்டு நீ வாங்கிக் குடிக்கற. உங்க வீட்ல இதான் பழக்கமா?"

திலேக் எழுந்தான். கெட்டிலை வாங்கி ஒவ்வொருத்தனுக்காக ஊற்றி நீட்டினான். ஒருத்தனும் வாங்கவில்லை. தாகமில்லை என்றான் ஒருவன். வயிறு சரியில்லை என்றான் இன்னொருவன். இல்கிஸ் கையை நெஞ்சில் வைத்துத் தலையைக் குனிந்துகொண்டான். கிண்ணங்களில் டீ ஆறி ஆடை கட்டியது.

"இதுங்களுக்குப் பேய் பிடிச்சிருக்கு," என்றார் ஜோமார்த், வேனின் அந்தப் பக்கம் போய்.

ஷார்ஷென் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குக் கால்பந்து தெரியாது சார். ஆனா ஒண்ணு. எங்க நிறுத்தினாலும் பந்து அந்தப் பையன்கிட்டதான் போகுது. வாசல்ல நிறுத்தினா வாசலுக்கு, பெஞ்சுல வச்சா பெஞ்சுக்கு. அவனைக் கொண்டுபோய் எதிராளி கோலுக்கு முன்னாடி நிறுத்திருங்களேன்."

"கடைக்குட்டியைத் தோர்ல வைக்கச் சொல்றீங்களா? பெரியவனெல்லாம் பின்னால நிக்க? அப்புறம் நான் சொல்லிக்குடுத்த ஒழுங்கு என்ன ஆகறது?"

"உங்களுக்குத் தோர் முக்கியமா, கட்டில் முக்கியமா?"

ஜோமார்த் மலையைப் பார்த்தார். உச்சியில் பனி இறங்கியிருந்தது. போன வாரத்தைவிடக் கீழே வந்திருந்தது.

அடுத்த நாள் பயிற்சியில் பசங்க முன்னால் நின்று தொண்டையைச் செருமினார். அவருக்குக் கூச்சமாகவே இருந்தது.

"முறை இல்லதான். மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. குறிப்பா நீ, இல்கிஸ். இனிமே திலேக் முன்னால, தோர்ல நிப்பான்."

யாரும் முகம் சுளிக்கவில்லை. அப்பாடா என்று ஒரு பெருமூச்சுதான் கேட்டது. இல்கிஸ் தன் இடத்திலிருந்து தானே விலகி, கையை நீட்டித் திலேக்குக்கு வழிகாட்டினான். ஆதில் குதித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

அதன் பிறகு நாரின் தோற்கவில்லை.

சந்தேகம் வந்தவன் எல்லாம் பந்தை முன்னால் அனுப்பினான். சந்தேகப்படுவதில் அவர்களுக்கு ஈடில்லை என்பதால் பந்து முன்னால் போய்க்கொண்டே இருந்தது. அங்கே அந்த ஒல்லிப் பையன் நின்றான். பதறாமல் வாங்கி, எதிராளியின் கண்ணைப் பார்த்து, அவன் எந்தப் பக்கம் சாய்வான் என்று பொறுத்து அறிந்து, மறுபக்கம் அடித்தான். பதினோரு வயதில் எங்கிருந்து வந்தது இந்த நிதானம் என்று எல்லாரும் கேட்டார்கள். பயிற்சி என்றார் ஜோமார்த்.

அத்தோடு விட்டாரா? டிவிக்காரர்கள் வந்தபோது, வேனுக்குப் பின்னால் ஒளிந்த திலேக்கைத் தோளைப் பிடித்துக் கேமரா முன்னால் இழுத்துவந்தார்.

"பாத்துக்கங்க, பதினோரு வயசு. இந்தப் போட்டியிலயே கோல் போட்டவங்கள்ல சின்னப் பையன். எங்க வாசலோரத்துக் கடைக்குட்டி."

திலேக் கேமராவைப் பார்க்கவே இல்லை. தம்பிக்கு வெட்கம் என்று ஜோமார்த் சிரித்தார்.

மூன்றாம் நாள் திலேக்கின் அம்மா வந்துவிட்டாள். யாரோ லாரிக்காரனைக் கெஞ்சி மலையிலிருந்து இறங்கியிருந்தாள். மடியில் ஒரு துணிமூட்டை நிறைய போர்சோக், எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகள். கை வெடித்து ரத்தம் கட்டியிருந்தது.

"ஐயா, பையனை டிவியிலல்லாம் போடாதீங்க."

"கண்ணு படும்னு பயப்படறீங்களா?"

"ஆமாங்க. கண்ணு."

"பயப்படாதீங்கம்மா. தங்கமான பிள்ளை. வீட்ல மொத்தம் எத்தனை பிள்ளைங்க?"

"ரெண்டு பேருங்க. ஒருத்தன் போன பனிக்காலம் போயிட்டான். காய்ச்சல். வழி அடைச்சிருந்துச்சு, கீழ கொண்டுவர முடியல."

"மூத்தவனா?" என்று கேட்டார் ஜோமார்த்.

அவள் திலேக்கைப் பார்த்தாள். திலேக் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டிய கயிற்றையே அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"ஆமாங்க. மூத்தவன்."

ஜோமார்த் இரண்டு கையையும் விரித்துப் பிரார்த்தித்து முகத்தில் ஒற்றிக்கொண்டார். அவளும் ஒற்றிக்கொண்டாள்.

"இவனாவது இருக்கானேம்மா. விடுதியில பதினாலு வயசு வரைக்கும் வச்சுக்குவாங்க. இவனுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு. மூணு வருஷம் சோத்துக்குக் கவலையில்ல."

"அதுக்குத்தாங்க," என்றாள் அவள்.

இறுதிப்போட்டி நாரினிலேயே நடந்தது, ஓஷ் அணியோடு. ஆற்றங்கரை மைதானத்தில் ஊர் கூடிவிட்டது. தோலோத்தும் அளவுநாடாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். ஓஷ் முதலில் ஒரு கோல் போட்டது. ஜோமார்த் தொப்பியின் மிச்சமிருந்த காதையும் தின்றார். ஆனால் வாயைத் திறந்து ஒரு உத்தரவும் போடவில்லை, போடவும் தோன்றவில்லை. பசங்களுக்குச் சந்தேகம் வர ஆரம்பித்தது. பந்து முன்னால் போனது. திலேக் ஒன்று போட்டான். முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது இன்னொன்று போட்டான்.

விசில் ஊதியதும் ஜோமார்த் சேற்றில் உட்கார்ந்து அழுதார். பனிக்காலம் முழுக்க அந்தக் கட்டில்களில் பசங்க தூங்குவார்கள். அதைவிட அவருக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் விடுதிக் கூடத்தில் விருந்து. ஆடு வெட்டியிருந்தார்கள். நீளமாகத் தஸ்தர்கான் விரித்து, தோரில் போட்டிக் குழுவின் தலைவர் ஓமுர்சாக் உட்கார்ந்திருந்தார். பருத்த உடம்பு, நல்ல மனுஷன். அவருக்கு ஒரு பக்கம் துர்சுனாய், மறுபக்கம் ஓஷ் அணியின் கோச். அடுத்து ஜோமார்த், தோலோத், ஷார்ஷென். பிறகு பசங்க, பள்ளிக் கணக்குப்படி இல்கிஸ் தொடங்கி வரிசையாக. வாசலோரம் ஆதிலும், கடைசியில் திலேக்கும்.

முதலில் பரிசு கொடுத்தார்கள். கோல் போட்டவர்களில் ஆகச் சின்னவனுக்கு என்று ஓமுர்சாக் தன் கைக்காசில் ஒரு சிவப்பு சைக்கிள் வாங்கிவந்திருந்தார். ஜோமார்த் டிவியில் பேசியதைக் கேட்டுத்தான் வாங்கினாராம். திலேக்கைக் கூப்பிட்டு அதில் உட்காரச் சொன்னார். முழங்கால் கைப்பிடியில் இடித்தது. எல்லாரும் கைதட்டினார்கள். திலேக் அதை உருட்டிக்கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தான்.

"சரி, இப்ப ரகசியத்தைச் சொல்லுங்க," என்றார் ஓமுர்சாக், ஜோமார்த் பக்கம் திரும்பி. "தலாஸ்கிட்ட அஞ்சு வாங்கினவங்க ஓஷை எப்படி ஜெயிச்சீங்க?"

ஜோமார்த் இதற்குத்தானே காத்திருந்தார். கரும்பலகையில் ஆரம்பித்துத் தஸ்தர்கான் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார்.

"நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதாங்க. பெரியவங்களுக்கு முதல்ல. சந்தேகம் வந்தா பெரியவங்ககிட்ட குடு. பசங்க இன்னிக்கு வரைக்கும் அந்தச் சொல்லைத் தட்டல."

"ஆனா கோல் போட்டது கடைக்குட்டியாச்சே," என்றார் ஓஷ் கோச், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே.

"அது வந்து..." என்றார் ஜோமார்த். அதை அவர் இதுவரை யோசித்ததில்லை. "அது ஒரு சின்ன விதிவிலக்கு."

ஓமுர்சாக் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தக் காலத்துல பெரியவங்களுக்கு மரியாதை சொல்லிக்குடுக்கற கோச். இதல்லவா வேணும். துர்சுனாய், இந்தப் பிரிவை யாரும் தொடக் கூடாது, நான் சொல்றேன்." தட்டில் ஆவி பறந்த இடுப்பெலும்புக் கறியை, மூத்தவருக்கென்று எடுத்துவைக்கும் அந்தத் துண்டைத் தூக்கினார். "இது பசங்கள்ல மூத்தவனுக்கு. பிடிங்க."

தட்டு இல்கிஸ் கைக்கு வந்தது. அவன் இரண்டு கையாலும் வாங்கினான். கீழே வைக்கவில்லை. அடுத்தவனிடம் கொடுத்தான். அடுத்தவன் அதற்கடுத்தவனிடம். யாருக்கும் சந்தேகம் இல்லை. தட்டு வரிசையில் இறங்கி வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஜோமார்த்துக்கு அந்தப் பாதை நன்றாகத் தெரிந்த பாதை. அவர் கை தானாகத் தலைக்குப் போய்த் தொப்பியைத் தேடியது.

தட்டு ஆதில் கைக்கு வந்தது. திலேக் இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றான். அவன் முகம் வெளுத்திருந்தது. ஆதில் விடாமல் தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டான்.

ஓமுர்சாக் சிரித்தார். "தப்பாப் போயிருச்சுப்பா. கடைக்குட்டிக்குத்தான் சைக்கிள் குடுத்தாச்சே. இது மூத்தவனுக்கு."

தன் மரியாதையில் தப்புச் சொன்னது ஆதிலுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றான்.

"தப்பில்லீங்க ஐயா, சார் சொன்னபடிதான் செஞ்சோம். கடைக்குட்டி திலேக் போன பனிக்காலமே செத்துப்போயிட்டான். இவங்க அவனோட அண்ணன்."